ஜிம்முக்குப் பணம் கட்டலாமா, வீட்டிலேயே ஜிம் வைக்கலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு!

ஜனவரியில் ஜிம்மில் நிற்க இடம் இருக்காது. மார்ச் தாண்டினால் பாதி மெஷின் சும்மா கிடக்கும். ஆசையாக வாங்கிய ட்ரெட்மில்லின் கதையும் பல வீடுகளில் இதேதான். முதல் மாதம் வீட்டில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், ஆறாவது மாதம் அதன் கைப்பிடியில் ஈரத்துணி தொங்கும்.

இதில் வீணாவது பணம் மட்டும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளியாகின. அதன்படி நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறார்கள். "இன்னைக்கு வேணாம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் உடம்புதான் விலை கொடுக்கிறது.

அப்படியானால் எது சரி? ஜிம்மா, வீடா? விரிவாகப் பார்க்கலாம்.

உடம்புக்கு எவ்வளவு பயிற்சி தேவை?

18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வேக நடை, சைக்கிள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும்.

பலரும் கவனிக்காத இன்னொரு வரியும் அந்தப் பரிந்துரையில் இருக்கிறது. வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைகளுக்கான பயிற்சியும் அவசியம். "நான் தினமும் வாக்கிங் போறேன், அது போதும்" என்பவர்களும் இதைச் செய்ய வேண்டும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பெருமளவில் எடுத்துக்கொள்வது தசைகள்தான். வயது ஏற ஏறத் தசை குறையும். அதைத் தடுக்க எடை தூக்குவது, தண்டால், பஸ்கி போன்ற பயிற்சிகள்தான் வழி.

65 வயதைத் தாண்டியவர்கள் தடுமாறி விழாமல் இருக்க, உடலைச் சமநிலையில் வைக்கும் பயிற்சிகளை வாரத்துக்கு 3 நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மொத்தத்தில் மிதமான பயிற்சிக்கு வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரமும், தசைப் பயிற்சிக்கு 2 நாளும் கிடைத்தால் தேவை பூர்த்தியாகிவிடும். அந்தப் பயிற்சியை ஒருவர் எங்கே தவறாமல் செய்வார் என்பதுதான் உண்மையான கேள்வி.

மாதக் கட்டணத்தைப் பார்த்தால் ஏமாந்துபோவோம்

"மாசம் 1,200 ரூபாய்தான், ஒரு நாளைக்கு 40 ரூபாய் கூட இல்ல" என்று பலரும் கணக்குப் போடுவார்கள். 30 நாளும் போனால்தான் அந்தக் கணக்கு சரி.

அமெரிக்காவில் பொருளாதார ஆய்வாளர்கள் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக் மால்மெண்டியரும் 3 ஹெல்த் கிளப்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2006ல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வெளியானது. ஆய்வின் தலைப்பே 'ஜிம்முக்குப் போகாமல் இருக்கப் பணம் கட்டுவது' என்பதுதான்.

மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் ஜிம்முக்குப் போயிருந்தார்கள். அதாவது ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் செலவு. அதே இடத்தில் 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தால் ஒரு தடவைக்கு 10 டாலர்தான் ஆகியிருக்கும். எத்தனை நாள் போவீர்கள் என்று உறுப்பினர்களிடம் கேட்டபோது, உண்மையான வருகையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சொன்னார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. பணம் கட்டும் நாளில் எல்லோருக்குமே அந்த நம்பிக்கை இருக்கும். வீட்டுக்கு மெஷின் வாங்கும்போதும் இதே மனநிலைதான்.

ஒரு தடவைக்கு எவ்வளவு? போட்டுப் பார்ப்போம்

ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். புரிவதற்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 3 வருடத்துக்கான கணக்கு இது.

ஜிம்: மாதம் 1,200 ரூபாய். 3 வருடத்துக்கு 43,200 ரூபாய்.
• வாரம் 4 நாள் போனால் ஒரு தடவைக்கு 69 ரூபாய்
• வாரம் 2 நாள் போனால் 138 ரூபாய்
• வாரம் ஒரே நாள் என்றால் 277 ரூபாய்

வீட்டில் ட்ரெட்மில்: மெஷின் 30,000 ரூபாய், பராமரிப்பு வருடத்துக்கு 2,000 ரூபாய். மொத்தம் 36,000 ரூபாய்.
• வாரம் 4 நாள் ஓடினால் ஒரு தடவைக்கு 58 ரூபாய்
• வாரம் 2 நாள் என்றால் 115 ரூபாய்
• வாரம் ஒரே நாள் என்றால் 231 ரூபாய்

வீட்டில் சின்ன செட்: டம்பெல்ஸ், ரெசிஸ்டன்ஸ் பேண்ட், பாய், பெஞ்ச் எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய்.
• வாரம் 4 நாள் செய்தால் ஒரு தடவைக்கு 13 ரூபாய்
• வாரம் ஒரே நாள் என்றால் 51 ரூபாய்

ஜிம்முக்கும் ட்ரெட்மில்லுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 11 ரூபாய்தான். ஆனால் வாரம் 4 நாள் செய்பவருக்கும் ஒரு நாள் செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் 4 மடங்கு. எங்கே செய்கிறோம் என்பதைவிட எத்தனை நாள் செய்கிறோம் என்பதுதான் பணத்தையும் தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். ஜிம் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று போகும். வீட்டுக் கருவியைக் கணவன், மனைவி, கல்லூரி போகும் பிள்ளை என மூன்று பேர் பயன்படுத்தினால் செலவு மூன்றாகப் பிரியும். அதேபோல, ஜிம்முக்குப் போக கால் மணி, வர கால் மணி என்றால் வாரம் 4 நாளுக்கு 2 மணி நேரம் ரோட்டிலேயே போகிறது. வருடத்துக்கு 104 மணி நேரம். பெட்ரோல் தனி.

வருடச் சந்தா: லாபமா, பொறியா?

"அண்ணா, மாசம் எவ்ளோ?"

"மாசம் 1,200 தம்பி. ஒரு வருஷத்துக்கு மொத்தமா கட்டிட்டா 9,000தான். இந்த வாரம் மட்டும்தான் இந்த ஆஃபர்."

கேட்பதற்கு 5,400 ரூபாய் மிச்சம் போலத் தெரியும். ஆனால் 9,000 ரூபாய் என்பது ஏழரை மாதக் கட்டணம். எட்டாவது மாதமும் தொடர்ந்து போனால்தான் இந்த ஆஃபரில் லாபம். மூன்று மாதத்தில் நின்றுவிட்டால், 3,600 ரூபாயில் முடிய வேண்டியதற்கு 9,000 ரூபாய் கொடுத்ததாக ஆகிவிடும்.

புதிதாகச் சேர்பவர்கள் முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுவதே நல்லது. மூன்று மாதமும் வாரத்துக்கு 3 நாளாவது போயிருந்தால், அதன் பிறகு வருடச் சந்தா பற்றி யோசிக்கலாம்.

வரி விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. ஜிம் சேவைக்கான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பர் 22 முதல் குறைக்கப்பட்டது. பில்லில் இன்னும் 18 சதவீதம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஜிம்மில் கிடைப்பது என்ன?

கருவிகளைவிட ஜிம்மின் பெரிய பலம், அங்கே போய்விட்டால் வேறு வேலை கிடையாது என்பதுதான். காலிங் பெல் அடிக்காது, குக்கர் விசில் கேட்காது. பக்கத்தில் நான்கு பேர் செய்வதைப் பார்க்கும்போது நமக்கும் ஒரு வேகம் வரும். இரண்டு நாள் போகவில்லை என்றால் "என்ன மாஸ்டர், ஆளையே காணோம்?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பார்.

இரண்டாவது, சொல்லித்தர ஆள். ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவற்றைத் தப்பாகச் செய்தால் முதுகும் முட்டியும் பாதிக்கப்படும். யூடியூப் பார்த்துச் செய்யும்போது நாம் எங்கே தப்பு செய்கிறோம் என்று அந்த வீடியோ சொல்லாது. முதல்முறை எடை தூக்குபவர்கள் குறைந்தது இரண்டு மூன்று மாதமாவது ஒரு நல்ல பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்வது பாதுகாப்பு.

மூன்றாவது, ஏற்றிக்கொண்டே போகும் வசதி. தசை வளர வேண்டும் என்றால் எடையும் படிப்படியாகக் கூட வேண்டும். வீட்டில் இருக்கும் 5 கிலோ டம்பெல் சில மாதத்தில் லேசாகிவிடும். ஜிம்மில் அடுத்த எடை ரேக்கிலேயே இருக்கும்.

வீட்டில் கிடைப்பது என்ன?

நேரம்தான் முதல் லாபம். ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள், கைக்குழந்தை உள்ள தாய்மார்கள், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைக் கவனிப்பவர்கள் ஆகியோருக்கு "காலை 6 முதல் 9 வரை" என்ற ஜிம் நேரம் ஒத்துவராது. 20 நிமிடம் கிடைத்தால் வீட்டில் செய்துவிடலாம்.

பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். லேடீஸ் பேட்ச் என்று தனியாக வைத்திருக்கும் ஜிம்களில் அது பெரும்பாலும் முற்பகலில்தான் இருக்கும். வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த நேரம் பயன்படாது. கூட்டத்தில் பயிற்சி செய்யக் கூச்சப்படுபவர்களுக்கும் வீடுதான் வசதி.

மழை, வெயில், டிராபிக் எதுவும் தடையில்லை. 2020ல் கொரோனா ஊரடங்கில் ஜிம்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, வீட்டில் ஒரு ஜோடி டம்பெல் வைத்திருந்தவர்களின் பயிற்சி நிற்கவில்லை.

வீட்டில் வைப்பதென்றால் எதை முதலில் வாங்குவது?

பெரும்பாலானோர் செய்யும் தப்பு, பெரிய மெஷினை முதலில் வாங்குவது. சின்னதில் தொடங்குங்கள். உபயோகம் பழக்கமான பிறகு அடுத்ததுக்குப் போகலாம்.

• முதல் மாதம்: ஒரு பாய், ஒரு செட் ரெசிஸ்டன்ஸ் பேண்ட். தண்டால், பஸ்கி, பிளாங்க் ஆகியவற்றுக்குப் பணமே தேவையில்லை. தேகப்பயிற்சிச் சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் வைத்தே பயில்வான்கள் உருவானார்கள்.
• இரண்டாவது, மூன்றாவது மாதம்: எடையைக் கழற்றி மாட்டும் டம்பெல் ஒரு ஜோடி. ஒரே ஜோடியில் பல எடைகள் கிடைக்கும்.
• ஆறு மாதம் விடாமல் செய்திருந்தால்: பெஞ்ச், கூடுதல் எடைத் தட்டுகள். அதன் பிறகு மெஷின்.

எடைத் தட்டு வாங்கும்போது ஓட்டையின் அளவைப் பாருங்கள். வீட்டு உபயோக பார்களின் தடிமன் வேறு, 50 மி.மீ ஒலிம்பிக் பாரின் அளவு வேறு. ஒன்றின் தட்டு மற்றதில் சேராது. ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ எடை, 2.2 மீட்டர் நீளம். அதாவது 7 அடிக்கும் மேல். பத்துக்குப் பத்து ரூமில் கட்டிலும் பீரோவும் இருந்தால் அதைத் திருப்பக்கூட முடியாது.

ட்ரெட்மில்தான் வேண்டும் என்றால் இவற்றைக் கவனியுங்கள்:

• விளம்பரத்தில் பெரிதாகப் போடும் குதிரைத்திறன் பெரும்பாலும் உச்ச அளவு. தொடர்ந்து ஓடும்போது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.
• எத்தனை கிலோ எடை வரை தாங்கும் என்பதைப் பாருங்கள். வீட்டில் அதிக எடை உள்ளவரைக் கணக்கில் வையுங்கள்.
• உங்கள் ஊருக்கு சர்வீஸ் ஆள் வருவாரா? மோட்டார், போர்டு, பெல்ட் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக எத்தனை வருட வாரண்டி?
• மெஷினின் பின்பக்கம் சுமார் 6 அடி காலியாக இருக்க வேண்டும். கால் தவறினால் சுவரில் மோதக்கூடாது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஒரு மணி நேர ஓட்டத்துக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். வாரம் 4 நாள், அரை மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 20 யூனிட்டுக்குள்தான் வரும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் கட்டண ஸ்லாப்பே மாறிவிடும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் எச்சரிக்கை

அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் 'ட்ரெட் பிளஸ்' வகை ட்ரெட்மில்கள் சுமார் 1,25,000ஐ 2021ல் திரும்பப் பெற்றது. 6 வயதுக் குழந்தை ஒன்று அதில் சிக்கி உயிரிழந்ததும், பலர் காயமடைந்ததுமே காரணம். எந்த கம்பெனி மெஷினாக இருந்தாலும், ஓடி முடித்ததும் சேஃப்டி கீயைக் கழற்றிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். பிளக்கையும் பிடுங்கிவிடுவது நல்லது. டம்பெல்களையும் தரையில் உருள விடாதீர்கள்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட்: தளம் தாங்குமா?

குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. சாதாரண ட்ரெட்மில்லும் டம்பெல்லும் இதற்குள் அடங்கும். ஆனால் ரேக் வைத்து, கனமான பார்பெல்லைத் தொம்மென்று போடுவது மாடி வீட்டுக்கு ஏற்றதில்லை. பழைய கட்டடம் என்றால் பொறியாளரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தளம் தாங்கினாலும் கீழ்வீட்டுக்காரர் தாங்க வேண்டுமே! அதிகாலை 5 மணிக்கு மாடியில் ட்ரெட்மில் ஓடினால் அந்த அதிர்வு கீழே கேட்கும். தடிமனான ரப்பர் மேட் அவசியம். வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறுபவர்களுக்கு மெஷினை ஏற்றி இறக்கும் கூலியும் ஒரு செலவு. அவர்களுக்குப் பெரிய மெஷின் தேவையே இல்லை.

ஜிம்மில் சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

• ஒரு நாள் இலவசமாகப் பயிற்சி செய்து பார்க்கலாமா? நீங்கள் தினமும் போகப்போகும் அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். காலை 11 மணிக்குக் காலியாக இருக்கும் ஜிம், மாலை 7 மணிக்கு எப்படி இருக்கும் என்பது வேறு கதை.
• பயிற்சியாளர் என்ன படித்திருக்கிறார்? அவர் சொல்லித்தருவது கட்டணத்தில் சேர்ந்ததா, பர்சனல் டிரெய்னிங் என்று தனிப் பணமா?
• உடம்பு சரியில்லை, வெளியூர் போகிறோம் என்றால் சந்தாவை நிறுத்தி வைக்கலாமா?
• பாதியில் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா? வேறு ஒருவர் பெயருக்கு மாற்றலாமா?
• புரோட்டீன் பவுடர் இங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவார்களா?

வாயால் சொல்வதை நம்பாமல் எழுத்தில் வாங்குங்கள். பணத்தை யுபிஐ அல்லது கார்டில் கட்டி, ஜிம் பெயர் போட்ட ரசீதை எடுத்து வையுங்கள்.

"வருஷத்துக்குப் பணம் கட்டிட்டோம், ஜிம்மை மூடிட்டாங்க" என்றால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன் கீழ் இது சேவைக் குறைபாடு. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் செய்யலாம். தீர்வு கிடைக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அந்த ரசீதுதான் அப்போது சாட்சி.

செலவே இல்லாத மூன்றாவது வழி

ஜிம், வீடு இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சென்னை உள்பட பல ஊர்களில் மாநகராட்சிப் பூங்காக்களில் திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காணப்பட்டது. பூங்காவில் 30 நிமிடம் நடை, வீட்டுக்கு வந்து வாரத்துக்கு 2 நாள் பேண்டும் தண்டாலும் என்று வைத்துக்கொண்டால், உலக சுகாதார அமைப்பு சொன்ன இரண்டும் நிறைவேறிவிடும். செலவு சில நூறு ரூபாய்தான்.

டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டியவர்கள் யார்?

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களும், நீண்ட காலம் எந்தப் பயிற்சியும் செய்யாமல் இருந்து திடீரென கடுமையாகத் தொடங்க நினைப்பவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். இன்சுலின், சில வகை சர்க்கரை மாத்திரைகள் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலி விடவில்லை என்றால் 108க்கு அழையுங்கள். வீட்டில் தனியாகப் பயிற்சி செய்பவர்கள் போனைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். ஆள் துணை இல்லாமல் மார்புக்கு மேல் கனமான பாரைத் தூக்கக் கூடாது.

சரி, யாருக்கு எது?

ஜிம் பொருந்துபவர்கள்: புதிதாக எடை தூக்கக் கற்பவர்கள், தசை வளர்க்க வேண்டும் என்ற குறிக்கோள் உள்ளவர்கள், தனியாக இருந்தால் சோம்பல் வந்துவிடும் என்பவர்கள், வீட்டிலிருந்து 10 நிமிடத்தில் ஜிம் உள்ளவர்கள்.

வீடு பொருந்துபவர்கள்: நேரம் கையில் இல்லாதவர்கள், ஏற்கெனவே சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள், குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் வீடு, கூட்டத்தை விரும்பாதவர்கள்.

இரண்டும் கலந்து: மூன்று மாதம் ஜிம்மில் கற்றுக்கொண்டு, பிறகு சின்ன செட் வாங்கி வீட்டில் தொடர்வது. பட்ஜெட் குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் சிறந்த வழி.

இன்னும் குழப்பமாக இருந்தால், பணம் கட்டும் முன் 30 நாள் சோதனை ஒன்று செய்யுங்கள். எந்தக் கருவியும் வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் 20 நிமிடம் நடை, கொஞ்சம் தண்டால், பஸ்கி. செய்த நாளில் காலண்டரில் ஒரு டிக் போடுங்கள். மாதக் கடைசியில் 20 டிக்குக்கு மேல் இருந்தால், வீட்டில் நீங்களாகவே செய்யக்கூடியவர். சின்ன செட் வாங்கலாம். 10க்கும் குறைவு என்றால் உங்களை இழுத்துப் பிடிக்க ஒரு இடமும் நாலு ஆட்களும் தேவை. பக்கத்து ஜிம்மில் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள். இடைப்பட்ட எண்ணிக்கை என்றால் இன்னொரு மாதம் இப்படியே தொடருங்கள். அதுவும் பயிற்சிதான்!